சேகரிப்பவனின் கடன்

பொருளாசையைப் பற்றி மறையுரைகளில் கேட்கும்போதெல்லாம் நிலமும் நகையும் வட்டிப் பணமுமே நம் கண்முன் வந்து நிற்கின்றன. தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்பவரையோ, நாணயங்களைத் துலக்கி வரிசைப்படுத்துபவரையோ, பழைய படக்கதைப் புத்தகங்களைத் தேடி ஊர் ஊராய் அலைபவரையோ நாம் பேராசைக்காரர் வரிசையில் வைப்பதில்லை. "பாவம், ஏதோ ஒரு பொழுதுபோக்கு" என்று சிரித்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் மனச்சான்றை ஆய்ந்து பார்க்கும்போதும் அந்த அலமாரியின் பக்கம் நம் நினைவு திரும்புவதில்லை. இந்தச் சலுகை நியாயமானதா? சிறுவயது விளையாட்டின் தொடர்ச்சி என்ற ஒரே காரணத்தால் ஒரு பழக்கம் அறக்கேள்விகளுக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா? சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

படக்கதைப் புத்தகங்களையே எடுத்துக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டு சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்துபோக, இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து செல்லும் அந்த விந்தை மனிதன் 1962-இல் 'வேலியண்ட்' என்னும் பிரித்தானிய வார இதழில் தோன்றியவன். அவனை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். 1984-இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'தினத்தந்தி' நிறுவனத்தாரின் 'ராணி காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கி, 2005 வரை நடந்தது. தமிழ்நாட்டில் அன்று சிறுவர்களாய் இருந்த ஒரு தலைமுறையே மாயாவியோடும் ஜானி நீரோவோடும் லாரன்ஸ், டேவிட் இருவரோடும் வளர்ந்தது என்றால் மிகையாகாது.

கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டத் தலைநகர். 1993-இல் அது விழுப்புரம் மாவட்டத்துக்குள் சென்றது. 2019-இல்தான் தனி மாவட்டமாயிற்று. பேருந்து நிலையக் கடைகளில் குறுக்கே கட்டிய கயிற்றில் வார இதழ்களோடு இந்தப் படக்கதைகளும் தொங்கும். கச்சிராயபாளையத்திலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் மலையடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகளில் ஒருவன் கையில் ஒரு புத்தகம் கிடைத்தால் போதும், அது வகுப்பு முழுவதும் சுற்றிவரும். அட்டை கிழியும், நடுப்பக்கம் கழன்று விழும், கடைசிப் பக்கம் காணாமற்போய், கதையின் முடிவை ஒவ்வொருவனும் தன் கற்பனைக்கேற்பச் சொல்வான். ஆசிரியர் கண்ணில் பட்டால் பறிமுதல். தந்தையின் கையில் சிக்கினால் அடுப்பு. எஞ்சியவை எடைக்குப் போய்ப் பொட்டலக் கடையில் வேர்க்கடலையைத் தாங்கின.

இன்று அந்த இதழ்கள் அரிதாகிவிட்டதற்கு இதுவே காரணம். ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டும் அவற்றை மதித்து வைத்தவர் இல்லை. பொன் அரிதாயிருப்பது இயற்கையால்; பழைய படக்கதை அரிதாயிருப்பது நம் புறக்கணிப்பால். எனவே சேகரிப்பவரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லியாக வேண்டும். கட்டுவோர் விலக்கிய கல்லைக் கண்டெடுத்தவர் அவர். கற்றோர் குப்பை என்று ஒதுக்கியதை அவர் குனிந்து எடுத்தார்.

அப்படிக் குனிந்து எடுத்தவர்களுள் நம் நாட்டில் தலையாயவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. காரைக்குடியை அடுத்த அவ்வூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர் அவர். நூல்கள், இதழ்கள் மட்டுமின்றி நாடகத் துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ், கடிதம் என எதையும் தள்ளாமல் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஆனால் கடல் கடத்திக் கொண்டுபோகவில்லை. 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகும் எவரும் அந்தப் பலகை ஓவியரின் வாசலுக்குப் போகாமல் எழுத முடியாது. திருமண அழைப்பிதழைச் சேர்ப்பவரை அவர் காலத்து உறவினர் என்ன சொல்லி நகைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

நம் புனிதர்களிலும் இப்படி ஒருவர் இருந்தார். அசிசி நகர்ப் பிரான்சிஸ் வழியில் கிடக்கும் எழுத்துள்ள தாள் துண்டு எதையும் மிதிக்கவிடாமல் பொறுக்கி, தகுந்த இடத்தில் வைப்பாராம். அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா இதைக் குறிப்பிடுகிறார். பிற சமயத்தார் எழுதியதையும் ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒரு சகோதரர் கேட்க, இறைவனின் திருப்பெயரை அமைக்கும் எழுத்துகள் அதிலும் உள்ளனவே என்று அவர் விடையளித்ததாகச் சொல்கிறார்கள்.

ஆனால் இதே பிரான்சிஸிடம் ஒரு புகுமுகத் துறவி வந்து, தனக்கென ஒரு திருப்பாடல் நூல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டபோது அவர் இசையவில்லை. திருப்பாடல் நூல் கிடைத்தால் அடுத்து செபப் புத்தகம் கேட்பாய். அது கிடைத்ததும் ஆயரைப்போல் நாற்காலியில் அமர்ந்து, என் புத்தகத்தை எடுத்து வா என்று உன் சகோதரனை ஏவுவாய் என்ற பொருளில் அவர் மறுமொழி இருந்தது. தெருவில் கிடந்த துண்டுத் தாளுக்கு வணக்கம். ஆனால் சொந்தமாக வைத்துக்கொள்ளத் திருப்பாடல் நூலுக்கும் தடை! இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதில்தான் நம் கேள்விக்கான திறவுகோல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தாளின் மீது அவருக்கு வெறுப்பு இல்லை. 'என்' என்ற சொல்லின் மீதுதான் ஐயம். (1980-இல் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் இந்தப் பிரான்சிஸின் வாழ்வையே படக்கதையாக வெளியிட்டது. அதைச் சேகரிப்பவர்களும் இன்று இருக்கிறார்கள். அவர் என்ன சொல்வாரோ!)

இனி, சேகரிப்பவர் உண்மையில் விரும்புவது எதை? கதையையா? 2012 முதல் லயன், முத்து இதழ்கள் புதுப்பொலிவோடு வருகின்றன. மாயாவியின் பழைய கதைகள் பலவும் நல்ல தாளில் மறுபதிப்பாகிவிட்டன. கதைதான் வேண்டுமென்றால் அவற்றை வாங்கிப் படிக்கலாம். ஆனால் சேகரிப்பவர் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டே பழுப்பேறிய பழைய இதழைத் தேடுகிறார். சிறுவயதின் மணத்தைத் தேடுகிறார் என்று சொல்லலாம். அது ஓரளவு உண்மை. ஆனால் தாம் பிறப்பதற்கு முன் வந்த இதழையும் அதே ஆவலோடு தேடுகிறாரே, அது யாருடைய சிறுவயது?

எனக்குத் தெரிந்த ஒருவர் கள்ளக்குறிச்சியில் இருக்கிறார். கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருபவர். இரண்டு இரும்பு அலமாரிகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட படக்கதை இதழ்களை வரிசை எண்படி அடுக்கி வைத்திருக்கிறார். அவற்றைப் பார்க்க அழைத்தார். அந்த அறுநூறைப் பற்றி அவர் பேசியது கால் மணி நேரம். தம்மிடம் இல்லாத முப்பத்திரண்டைப் பற்றிப் பேசியது இரண்டு மணி நேரம். அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. வரிசை எண் என்பதன் இயல்பே அது. 1-ஆம் எண்ணும் 3-ஆம் எண்ணும் கைக்கு வந்ததும் 2-ஆம் எண் என்னும் பள்ளம் பிறந்துவிடுகிறது. நேற்றுவரை இல்லாத குறை அது. இருப்பதே அதை உண்டாக்கியது. சிலுவை அருளப்பர் 'கார்மேல் மலையேற்றம்' நூலில் பற்றுகளை எண்ணும்போது நிலபுலங்களை மட்டும் சொல்லவில்லை. ஓர் உடை, ஒரு புத்தகம், ஓர் அறை ஆகியவற்றையும் பெயர் சுட்டிச் சொல்கிறார். பறவையைக் கட்டியிருப்பது மெல்லிய நூலா, தடித்த கயிறா என்பதில் வேறுபாடு இல்லை, அறுக்காதவரை அது பறக்காது என்பது அவர் கருத்து. மாயாவியைச் சேகரிப்பவருக்கு இதைக் கதையின் மொழியிலேயே சொல்லலாம்: ஆள் மெல்ல மறைந்து, பற்றும் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற நிலை வந்துவிடக் கூடாது.

இந்த நிலையின் எல்லையைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-இல் 10 சென்ட் விலைக்கு விற்றது. 2024-இல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இத்தகைய இதழ்களைத் தரம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு, தடித்த ஒளிபுகும் நெகிழிப் பெட்டிக்குள் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் அங்கே உள்ளன. பெட்டியைத் திறந்தால் அந்தச் சான்று செல்லாது. ஆகவே அதை எவரும் திறப்பதில்லை. அட்டையைக் காணலாம்; உள்ளே ஒரு பக்கத்தையும் புரட்ட இயலாது. புத்தகம் என்னும் பெயர் அதற்கு இனிப் பொருந்துமா என்பதே ஐயம். பாலைநிலத்தில் மறுநாளுக்கென்று மன்னாவைப் பதுக்கியவர்களின் பாத்திரத்தில் புழு நெளிந்ததாக விடுதலைப்பயணம் கூறுகிறது. இந்தப் பெட்டிக்குள் புழு வராது. அந்துப்பூச்சியும் துருவும் அணுகாது. கறையானும் இராமபாணமும் கூடத் தோற்றுப்போகும். மத்தேயு நற்செய்தியின் எச்சரிக்கையை மனிதன் தொழில்நுட்பத்தால் வென்றுவிட்டான் போலும்! ஆனால் பூச்சி அரிக்காமல் காத்ததைத் தானும் படிக்க முடியாமற் செய்துகொண்டான்.

அந்தச் சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் 1938-இல் அதன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டவர்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1975-இல் முதுமையில் அவர்கள் முறையிட்ட பிறகே அவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை கிடைத்தது. பிளாஸ்கோவின் நிலையும் பெரிதும் வேறன்று. அக்காலப் பிரித்தானிய வார இதழ்களில் ஓவியரின் பெயரை அச்சிடும் வழக்கமே இல்லை. நம் மொழியில் அந்த உரையாடல்களைப் பெயர்த்துத் தந்தவர் பலரின் பெயரும் நமக்குத் தெரியாது. எவருடைய உழைப்பையோ அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். இங்கேதான் 'சொத்து' என்ற சொல்லை விட்டுவிட்டுக் 'கடன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடன் என்றதும் நண்பரின் கதைக்குத் திரும்புகிறேன். சேகரிப்பவர் எவரும் பெருமையோடு சொல்லும் கதை ஒன்று உண்டு. எடைக்கு வாங்கிய கதை. அவரும் சொன்னார். பழைய பேப்பர் கடை ஒன்றில், பாடப்புத்தகக் கட்டுகளுக்கு நடுவே, ஒரு கட்டு படக்கதை இதழ்களைக் கண்டார். முகத்தில் எதையும் காட்டாமல் வேறு சில புத்தகங்களோடு சேர்த்துத் தராசில் வைத்தார். ஐம்பது ரூபாய்க்கும் குறைவாகவே கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், அதில் பதினொன்று எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த முத்து இதழ்கள். அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் சில ஆயிரம் ரூபாய் தர ஒருவர் பின்னர் முன்வந்தாராம். சொல்லி முடித்துவிட்டுச் சற்று நேரம் கழித்து, "ஏங்க, இதுல தப்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

அவருக்குத் துணையாக நற்செய்தியிலேயே ஓர் உவமை இருப்பது போலத் தோன்றும். நிலத்தில் புதையலைக் கண்டவன் அதை மறைத்து வைத்துவிட்டு, போய்த் தனக்குள்ளதை எல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்கிக்கொள்கிறான். நிலத்துக்காரனுக்கு அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய பேப்பர் கடையில் நண்பர் காத்த அதே முகபாவந்தான்! ஆனால் இயேசு அந்த மனிதனின் வணிக நேர்மையைப் பாராட்டவில்லை. அவனது மகிழ்ச்சியையும், எல்லாவற்றையும் விற்ற துணிவையுமே காட்டுகிறார். முன்மதியுள்ள கண்காணிப்பாளர் உவமையைக் கேட்டுவிட்டு எவரும் கணக்கைத் திருத்தப் போவதில்லை அல்லவா? மேலும், மறைத்து வைத்ததை மட்டும் பின்பற்றி, தனக்குள்ளதை எல்லாம் விற்றதைப் பின்பற்றாமல் விடுவது உவமையைப் பாதி கேட்டதாகும்.

உவமையைவிட நேரடியான விடை தூய தோமா அக்குவினாரிடம் இருக்கிறது. 'இறையியல் தொகுப்பின்' இரண்டாம் பாகத்தில், வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றைப் பற்றிய 77-ஆம் வினாவில் அவர் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு பொருளால் வாங்குபவனுக்குப் பெரும் பயன் விளைகிறது, விற்பவனுக்கு இழப்பில்லை, அப்போது விற்பவன் விலையை ஏற்றக் கூடாது. ஆனால் வாங்கியவன் தானாகவே மேலும் சிறிது கொடுப்பது அவனது பண்புக்கு அழகு. இரண்டாம் நிலை கடுமையானது. விற்பவன் தன் பொருள் இன்னதென்றே அறியாமல், பொன்னைச் செம்பு என்று நினைத்து விற்கிறான். வாங்குபவனுக்கு அது பொன் என்று தெரியும். அப்படியாயின் அந்த வாங்கல் அநீதி. அவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன்.

நண்பரின் கட்டு எந்த நிலையைச் சேர்ந்தது? அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைக்காரர் தாளை எடைபோட்டு விற்பதையே தொழிலாகக் கொண்டவர். தமக்குக் கிடைக்க வேண்டிய இலாபம் கிடைத்துவிட்டது. அந்த இதழுக்கு மதிப்பு உண்டென்பதே நண்பரைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்து, பட்டியலிட்டு உண்டாக்கிய அறிவு. அறிவுக்கும் கூலி உண்டு. புத்தகத் திருவிழாவில் பழம்புத்தக வணிகரிடம் பேரம் பேசி வாங்கினால் நான் இந்தக் கேள்வியை எழுப்பவே மாட்டேன். அவருக்குத் தம் சரக்கு தெரியும். ஆனால் எடைக் கடையில் விற்கப்பட்டது 'தாள்', வாங்கப்பட்டது 'நூல்'. பொருளின் வகையே மாறிவிடுகிறது. மதிப்பு கூடக்குறைய இருப்பது வேறு. இன்னதென்றே தெரியாமல் விற்பது வேறு. தோமாவின் இரண்டாம் நிலையே இதற்குப் பொருந்தும் என்பது என் துணிபு. அதை நண்பரிடமும் சொன்னேன். அவர் முகம் வாடியது. அடுத்த வாரம் அவராகவே அந்தக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் சிரித்தாராம். அந்தக் கட்டு சைக்கிளில் தெருத்தெருவாகச் சென்று வாங்கி வருபவர் ஒருவர் போட்டது. அவர் எந்த வீட்டில் வாங்கினாரோ யாருக்குத் தெரியும் என்றார். நண்பர் நீட்டிய ஐந்நூறு ரூபாயைத் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டு, பாதியை அந்தச் சைக்கிள்காரரிடம் கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தாரா என்று நாம் விசாரிக்க வேண்டியதில்லை. கடன் யாருக்கு என்றே கண்டுபிடிக்க முடியாதபடி நீண்டுகொண்டே போகும் இந்தச் சங்கிலியைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன். கடைக்காரர், சைக்கிள்காரர், வீட்டைக் காலி செய்த குடும்பம், அந்தக் குடும்பத்தில் என்றோ அதைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு சிறுவன்.

அந்தச் சிறுவன் தன் அடையாளத்தை விட்டுச் சென்றிருந்தான். பதினொன்றில் நான்கு இதழ்களின் முதற்பக்கத்தில் நீல மையில் ஒரு பெயரும், 'ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு' என்ற குறிப்பும் இருந்தன. சேகரிப்போரின் கணக்கில் இது ஒரு குறை. பெயர் எழுதிய இதழுக்கு விலை குறைவு. எதுவும் எழுதப்படாத, எவர் கையும் படாத, ஒருவரும் படித்ததற்கான தடயமே இல்லாத இதழுக்குத்தான் உயர்ந்த விலை. இந்த அளவுகோலை நாம் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை அதை விரும்பினான், தனதென்று எழுதி மகிழ்ந்தான் என்பதற்கான ஒரே சான்று எப்படிக் குறையாயிற்று?

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான ஒரு சேகரிப்பு உண்டு. பாட்டியின் செபப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் சாமி படங்கள். யாரோ ஒரு குருவின் முதல் திருப்பலி நினைவு அட்டை. புதுநன்மை வாங்கிய பேத்தியின் படம். இறந்தவர்களின் ஆண்டு நினைவு அட்டைகள். புத்தகம் இரு மடங்கு தடித்து, முதுகு உடைந்து, நூலால் கட்டப்பட்டிருக்கும். சந்தையில் அதற்கு ஒரு காசும் பெறாது. அட்டைகளின் பின்னால் எழுதியிருக்கும் பெயர்களே அதன் மதிப்பு. பாட்டி அதை அடுக்கி அழகு பார்ப்பதில்லை. நாள்தோறும் ஒவ்வோர் அட்டையாகப் புரட்டி, அந்தப் பெயருக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்கிறார். பயன்படுத்தப் பயன்படுத்த ஓரம் தேய்கிறது. தேய்வதை அவர் பொருட்படுத்துவதும் இல்லை.

படக்கதை இதழையும் அப்படியே தேயவிடலாம் என்று சொல்லிவிட முடியுமா? இங்கேதான் உண்மையான இடர்ப்பாடு. தோமா அக்குவினார் அதே நூலின் 66-ஆம் வினாவில், பொருளைத் தேடிக்கொள்வதும் பராமரிப்பதும் தனி மனிதனுக்கு உரியதாகலாம். ஆனால் அதன் பயனைப் பொதுவாகக் கருதி, தேவையில் இருப்பவரோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 69-ஆம் பத்தியில், மண்ணுலகின் பொருள்கள் அனைவருக்கும் உரியவை என்னும் இந்தக் கோட்பாட்டையே வலியுறுத்தியது. வீட்டுக்கும் வயலுக்கும் இது தெளிவாகவே பொருந்துகிறது. ஆனால் ஐம்பது ஆண்டுப் பழைய நியூஸ்பிரிண்ட் தாள்! மரக்கூழில் செய்த மலிவான தாள் அது. ஒளியும் காற்றும் பட்டதாலேயே பழுத்து, தனக்குள் ஊறிய அமிலத்தாலேயே நொறுங்குகிறது. ஒரு குழந்தை ஆசையோடு நான்கு முறை புரட்டினால் ஐந்தாம் முறைக்கு அது இராது. பகிர்ந்தால் அழியும், காத்தால் பயனில்லை. இரவல் கொடுத்தால் திரும்பி வராது என்ற பழைய கவலையைவிட இது பெரிய சிக்கல்.

கல்வராயன் மலை மக்களிடம் விதை காக்கும் வழக்கம் ஒன்று உண்டு. மலை உழவர்கள் எவரிடமும் உள்ளதுதான். சாமையோ தினையோ, அறுவடையில் திரண்ட கதிரைத் தனியே எடுத்து அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்வார்கள். பசி வந்தாலும் அதில் கை வைக்கத் தயங்குவார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. நிலத்தை உரிமை கொண்டாட முடியாத காலத்திலும் விதையைக் காத்தவர்கள் அம்மக்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அதுவும் பதுக்கலாகத் தெரியலாம். ஆனால் அந்தக் காவலுக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. மழை வந்தால் அது மண்ணுக்குப் போயே தீர வேண்டும். போகாவிட்டால் நாளடைவில் முளைப்புத் திறனை இழந்து, விதை என்ற பெயரையே இழக்கும். பசிக்குக் கொடாமல் காப்பதும் பகிர்வின் ஒரு வகையாகலாம். எந்த நாளுக்காகக் காக்கிறோம் என்பது தெளிவாயிருந்தால்.

நொறுங்கும் இதழைக் குழந்தையின் கையில் கொடாததை நான் குற்றமென்று சொல்ல மாட்டேன். மறுபதிப்பு கிடைக்கிற கதைக்கு மறுபதிப்பை வாங்கிக் கொடுக்கலாம். அது பதிப்பாளருக்கு நாம் பட்ட கடனையும் ஓரளவு தீர்க்கும். பழைய இதழைப் படமெடுத்து உலகெங்கும் இலவசமாகப் பரப்புவதைப் பகிர்வு என்று சிலர் நினைக்கிறார்கள். உரிமை இன்னும் உயிரோடிருக்கும் கதையை, சிறு முதலில் நடக்கும் ஒரு பதிப்பகத்தின் வாயிலிருந்து பிடுங்கிப் பிறருக்கு ஊட்டுவது எந்த வகைத் தருமம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று பிரதிகள் வைத்திருந்தும், மாற்றிக்கொள்ள உதவும் என்று பூட்டி வைப்பவருக்கு இந்தச் சமாதானம் எதுவும் உதவாது. இரண்டு அங்கி வைத்திருப்பவனுக்குத் திருமுழுக்கு யோவான் சொன்னதில் படக்கதைக்கு விலக்கு இல்லை.

நண்பரின் மனைவி இந்த உரையாடலை எல்லாம் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்து வைத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கு அப்புறம் இதையெல்லாம் நான் எந்தக் கடையில எடைக்குப் போடறது?" களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனிடம், நீ சேர்த்து வைத்தவை யாருடையவையாகும் என்று லூக்கா நற்செய்தியில் கடவுள் கேட்ட கேள்விதான் அது. கள்ளக்குறிச்சி வழக்கில், நாற்பது ஆண்டு தூசி தட்டிய உரிமையோடு கேட்கப்பட்டது. கணவன் இறந்த பதினாறாம் நாள் முடிந்ததும் அலமாரிகள் காலியாகும் வீடுகளை அந்த அம்மா பார்த்திருக்கிறார். அந்தப் பதினொரு இதழ்களும் அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நண்பர் இப்போது ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வோர் இதழுக்கும் எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று ஒரு பத்தி. தமக்குப் பின் எங்கே போக வேண்டும் என்று ஒரு பத்தி. இரட்டைப் பிரதிகளைத் தனியே பிரித்துவிட்டார். மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகள் பங்கு மண்டபத்திலேயே உட்கார்ந்து படிக்கட்டும் என்று எழுபது இதழ்களை அங்கே கொடுத்திருக்கிறார். முதல் மாதத்திலேயே ஒன்பது கிழிந்துவிட்டன. அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று இறங்கியது உண்மை. அரிய இதழ்களை ஆராய்ச்சி நூலகம் ஒன்றுக்கு எழுதி வைக்கலாமா என்று யோசிக்கிறார். மகன் விற்கச் சொல்கிறான். அது இன்னும் முடிவாகவில்லை. நீல மையில் பெயர் எழுதிய நான்கை மட்டும் எவருக்கும் கொடுப்பதில்லை என்கிறார். அந்தப் பெயருடையவர், உயிரோடிருந்தால் அறுபது வயதைக் கடந்திருப்பார், சங்கராபுரம் பக்கத்திலோ சின்னசேலம் பக்கத்திலோ இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. தேடிக்கொண்டிருக்கிறார். முப்பத்திரண்டு இதழ்களைத் தேடும் பட்டியலில், கடைசி வரியாக அந்தப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.